திரும்பப் பெறப்பட்ட மேல்முறையீடு: தங்கச்சிமடத்திலிருந்து மேலவளவு வரை

2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு உயர்நீதிமன்றம் எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதித்தது. அவர்களில் ஐவர் ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தைச் சேர்ந்த மீனவர்கள். மூவர் இலங்கைக் குடிமக்கள். 2011 நவம்பர் இறுதியில் கடலில் கைது செய்யப்பட்ட அந்த ஐவரும் ஹெராயின் கடத்தினர் என்பது இலங்கைக் கடற்படையின் குற்றச்சாட்டு. மீன்பிடிக்கப் போனவர்கள்மீது போடப்பட்ட பொய்வழக்கு என்பது குடும்பத்தினரின், ஊரின், தமிழ்நாட்டு மீனவர் அமைப்புகளின் வாதம். இவ்விரண்டில் எது உண்மை என்பதை மேல்நீதிமன்றம் எதுவும் இன்றுவரை சொல்லவில்லை. இனிச் சொல்லப்போவதும் இல்லை. அதற்கான காரணத்திலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது.

தீர்ப்பு வெளியான அன்றே தீவு கொந்தளித்தது. பேருந்துகள் தீக்கிரையாயின, தண்டவாளம் பெயர்க்கப்பட்டது, பாம்பன் பாலத்துக்கு அப்பால் போக்குவரத்து நின்றது. நவம்பர் இரண்டாம் வாரத்தில், இந்தியத் தூதரகத்தின் முன்னெடுப்பில் தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு தாக்கல் செய்யப்பட்டது. பின்னர் இரு நாட்டுத் தலைவர்களிடையே பேச்சு நடந்தது. குடியரசுத் தலைவரின் மன்னிப்புக்கு வழிவிடும் பொருட்டு மேல்முறையீடு திரும்பப் பெறப்பட்டது. நவம்பர் 19 அன்று மகிந்த ராஜபக்சவின் மன்னிப்பில் ஐவரும் விடுதலையாகி, உயிரோடு ஊர் திரும்பினர். அதைவிடப் பெரிய செய்தி அந்த ஐந்து குடும்பங்களுக்கு வேறு இருந்திருக்க முடியாது. அதை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை.

ஆனால் சட்டத்தின் கண்ணில் நடந்தது வேறு. மேல்முறையீடு என்பது 'இந்தத் தீர்ப்பு தவறு' என்று சொல்லும் உரிமை. சாட்சியத்தை மீண்டும் எடைபோடு, கைப்பற்றிய முறையைப் பார், ஆய்வக அறிக்கையைப் பார், என் வாக்குமூலம் எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்று பார் என அது கேட்கிறது. மன்னிப்பு இவற்றில் எதையும் கேட்பதில்லை. குற்றம் நடந்தது, நீயே செய்தாய், எனினும் உன்னை விடுகிறேன் என்பதே அதன் இலக்கணம். மன்னிப்பை ஏற்றவர் வீடு திரும்புகிறார், குற்றத்தீர்ப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. இருபது நாள்களில் முடிந்த அந்த விவகாரத்தில் 'நாங்கள் குற்றமற்றவர்கள்' என்ற கூற்று விசாரிக்கப்படாமலேயே கைவிடப்பட்டது.

அன்று மக்கள் முன் வைக்கப்பட்ட மற்றொரு வழி, தண்டனைக் கைதிகளை அவரவர் நாட்டுக்கு மாற்றும் ஒப்பந்தம். 2010ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் அதில் கையெழுத்திட்டன. இத்தகைய ஒப்பந்தங்களில் பொதுவாகக் காணப்படும் முன்நிபந்தனை, தீர்ப்பு இறுதியாகியிருக்க வேண்டும், மேல்முறையீடு நிலுவையில் இருக்கக்கூடாது என்பது. ஆக, மன்னிப்பென்றாலும் கைதி மாற்றமென்றாலும் ஊருக்குத் திரும்பும் வாசலில் நிற்கும் காவலர் கேட்பது ஒன்றையே: மேல்முறையீட்டை அங்கே வைத்துவிட்டு வா. இலங்கையில் 1976க்குப் பின் மரண தண்டனை நிறைவேற்றப்படவில்லை என்பதும் நினைவில் கொள்ள வேண்டியது. தூக்குக் கயிறு உடனடி ஆபத்தாக இருக்கவில்லை. ஆபத்து, வெலிக்கடைச் சிறையில் வழக்கு முடியும்வரை கழியப்போகும் ஆண்டுகள். எத்தனை ஆண்டு என்று சொல்ல யாராலும் இயலாது. சம்பாதிக்கும் ஆள் இல்லாத குடும்பத்துக்கு அந்தக் கணக்கு போதும்.

அதே நாளில், அதே வழக்கில், அதே தீர்ப்பில் தண்டிக்கப்பட்ட இலங்கையர் மூவரைப் பற்றி நம் கரையில் அன்று அரிதாகவே பேசப்பட்டது. அவர்களுக்காகப் பேச ஒரு தூதரகம் இல்லை. சொந்த நாட்டுக் குடியரசுத் தலைவரிடம் அவர்களுக்காகத் தொலைபேசியில் பேச அண்டை நாட்டுப் பிரதமரும் இல்லை. அவர்களிடம் எஞ்சியிருந்தது இலங்கையில் 'மேன்முறையீடு' என்றழைக்கப்படும் சாதாரணச் சட்ட வழி ஒன்றே. அரசியல் ஆதரவு உள்ளவருக்கு மன்னிப்பு, இல்லாதவருக்கு நீதிமன்றப் படிக்கட்டு என்ற இந்தப் பிரிவினையை நாம் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறோம். அதற்குப் பின்னர் வருகிறேன்.

இன்று ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் கரைகளில் நடப்பது 2014இன் சிறுவடிவம். எல்லை தாண்டியதாகக் கைது செய்யப்படும் மீனவர்கள் மன்னார், ஊர்காவற்றுறை, பருத்தித்துறை போன்ற இடங்களின் நீதிமன்றங்களில் நிறுத்தப்படுகின்றனர். சில வாரம், சில மாதம் விளக்கமறியல். பின்னர் ஒரு நாள் குற்றத்தை ஒப்புக்கொள்கின்றனர். சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, பெரும்பாலும் ஐந்தாண்டுகளுக்கு ஒத்திவைக்கப்படுகிறது. விமானத்தில் சென்னை வந்து சேர்கின்றனர். செய்தித்தாள்கள் இதை 'விடுதலை' என்று எழுதுகின்றன. அது விடுதலை அன்று. அது குற்றத்தீர்ப்பு. தண்டனை மட்டும் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. ஐந்தாண்டுக்குள் மீண்டும் அதே கடலில் பிடிபட்டால் பழைய தண்டனையும் புதியதும் சேர்ந்து விழும்.

2024 பிப்ரவரியில் விழுந்தது. படகோட்டிகளுக்கு ஆறு மாதமும், இரண்டாம் முறை பிடிபட்டவருக்கு ஓராண்டும் சிறைத்தண்டனை என இலங்கை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ராமேஸ்வரம் மீனவர்கள் வேலைநிறுத்தம் செய்ததோடு அந்த ஆண்டு கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவையும் புறக்கணித்தனர். இந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த ஓராண்டுத் தண்டனையின் விதை, முதல் முறை 'ஒப்புக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம்' என்று சொல்லப்பட்ட நாளில் ஊன்றப்பட்டது என்பதை யாரும் விளக்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு மேல்முறையீட்டின் கதவு ஏறக்குறைய மூடப்பட்டுவிடும். நம் நாட்டிலும் அப்படித்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 375ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 416ஆம் பிரிவும், ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர் தண்டனையின் அளவையோ சட்டப்பொருத்தத்தையோ மட்டுமே கேள்வி கேட்கலாம் என்கின்றன. 'நான் எல்லை தாண்டவில்லை' என்று அவர் பிறகு சொல்ல முடியாது.

எல்லை தாண்டவே இல்லை என்று எல்லா வழக்கிலும் வாதிட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இழுவைமடி விசைப்படகுகள் வடக்கு மாகாணத்துத் தமிழ் மீனவரின் வலைகளையும் கடலடியையும் அழித்துவருகின்றன. போரிலிருந்து மீண்டு சிறு படகோடு கடலுக்கு வந்த அவர்களும் நம்மவர்களே. 2017இல் இலங்கை இழுவைமடியைத் தடைசெய்ததற்கு அவர்களின் போராட்டமும் காரணம். கேள்வி அதுவன்று. படகின் உரிமையாளர் கரையில் இருக்கிறார். படகு எங்கே போக வேண்டும், எவ்வளவு டீசல், எவ்வளவு பிடி என்பதைத் தீர்மானிப்பவர் வேறு. கூண்டில் நிற்பவரோ பங்குக்கும் கூலிக்கும் ஏறியவர். தண்டனை அவர் பெயரில் எழுதப்படுகிறது. படகு அரசுடைமையானால் இழப்பீட்டுக்கான கோரிக்கை எழுகிறது. அந்தக் கூலித் தொழிலாளியின் பெயரில் ஏறிய குற்றத்தீர்ப்புக்கு அப்படி ஒரு கோரிக்கைகூட இல்லை.

தலித் உரிமைத் தளம் ஒன்றில் இது ஏன் என்று சிலர் கேட்கலாம். மேல்முறையீடு எனும் நிறுவனத்தை நாம் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்திலிருந்தே பார்த்துப் பழகியிருக்கிறோம். நம் நினைவில் அது குற்றவாளிகள் தப்பிக்கும் வழி. அந்த நினைவு பொய்யுமன்று. ஆனால் அதே நிறுவனத்தின் இல்லாமையால் தண்டிக்கப்படும் ஏழைகள், நம்மவர் உட்பட, சிறைகளை நிரப்புகின்றனர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2019ஆம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவரப்படி இந்தியச் சிறைகளில் தண்டனைக் கைதிகளாக இருந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பட்டியல் சாதியினர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் அவர்கள் பங்கு 16.6 விழுக்காடு. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்காத தலித் அரசியல் பாதி அரசியலே.

முதலில் நம் நினைவில் உள்ள பக்கம்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் அந்தப் பக்கத்தைத் தேடினால் முதலில் எதிர்ப்படுவது வெறுமை. 2011 செப்டம்பர் 11 அன்று, இம்மானுவேல் சேகரன் நினைவு நாளில், பரமக்குடியில் காவல்துறை சுட்டதில் தலித்துகள் கொல்லப்பட்டனர். சம்பத் ஆணையம் துப்பாக்கிச் சூட்டை நியாயப்படுத்தி அறிக்கை தந்தது. குற்றத்தீர்ப்பு இல்லாத இடத்தில் மேல்முறையீடு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு ஆணைய அறிக்கையை எதிர்த்து எந்தப் பிரிவின்கீழ் யாரிடம் மேல்முறையீடு செய்வது?

தீர்ப்பு கிடைத்த இடங்களுக்கு வருவோம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். விசாரணை நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட நிலவுடைமையாளர்களுக்குச் சிறைத்தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் மேல்முறையீட்டில் அவர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரும் நிலக்கிழார்கள், ஏவலாள்களை அனுப்பாமல் தாங்களே நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற பொருளில் அத்தீர்ப்பு அமைந்தது. அந்த ஒரு தர்க்கத்தைச் சட்டம் பயிலும் மாணவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். சாட்சிகள் பார்த்ததாகச் சொன்னதை, குற்றம்சாட்டப்பட்டவரின் சொத்தும் அந்தஸ்தும் வென்றன. அதே இரவின் மோதலில் பண்ணையார் தரப்பில் ஒருவர் இறந்ததற்காகத் தொழிலாளர் தரப்பினரும் தண்டிக்கப்பட்டனர். அவர்கள் கார் வைத்திருக்கவில்லை.

மேலவளவு வேறு பாடம். 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் சென்றோரும் பேருந்திலிருந்து இறக்கி வெட்டிக் கொல்லப்பட்டனர். குற்றம்சாட்டப்பட்டோர் 40 பேர். 2001இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மற்றவர்கள் விடுவிக்கப்பட்டனர். 2006இல் உயர்நீதிமன்றமும் 2009இல் உச்சநீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தன. மேல்முறையீட்டின் எல்லாப் படிகளிலும் நின்ற தீர்ப்பு என்று இதைச் சொல்லலாம். வழக்கறிஞர் பொ. இரத்தினம் போன்றோரின் பல்லாண்டு உழைப்பு அதன் பின்னே உண்டு.

ஆனால் இரண்டு இடங்களில் அந்த வெற்றி கசிந்தது. முதலாவது, விடுவிக்கப்பட்டவர்களைப் பற்றியது. அந்நாளில் கொலையுண்டவரின் குடும்பத்துக்கு மேல்முறையீடு செய்யும் உரிமையே இல்லை. அரசு செய்தால் உண்டு. செய்யாவிட்டால் குடும்பத்துக்கு எஞ்சுவது சீராய்வு மனு ஒன்றே. சீராய்வில் உயர்நீதிமன்றம் விடுதலைத் தீர்ப்பைக் குற்றத்தீர்ப்பாக மாற்ற முடியாது, மறுவிசாரணைக்கு அனுப்பலாம், அவ்வளவே. இரண்டாவது, உச்சநீதிமன்றம் உறுதிசெய்த தண்டனையும் நிலைக்கவில்லை. 2008இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி மூவரும், 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டிப் பதின்மூவரும் விடுவிக்கப்பட்டனர். தங்கச்சிமடத்தில் பார்த்த அதே கதவு இங்கே வேறு திசையில் திறந்தது. நீதிமன்றப் படிக்கட்டில் மூன்று முறையும் தோற்றவர்களை அரசின் கருணை வாசல் வழியாக வெளியே அனுப்பியது. இந்த முன்விடுதலைகளைப் பாதிக்கப்பட்டோர் எதிர்க்க முடியுமா என்ற கேள்விக்கு, பில்கிஸ் பானு வழக்கில் 2024 ஜனவரி 8 அன்று குஜராத் அரசின் விடுவிப்பு ஆணையை ரத்து செய்ததன் மூலம் உச்சநீதிமன்றம் முடியும் என்று பதிலளித்திருக்கிறது. மனு தாக்கல் செய்தவர்களில் பாதிக்கப்பட்டவரே ஒருவர் என்பது அதில் முக்கியம்.

பாதிக்கப்பட்டவரின் மேல்முறையீட்டு உரிமை 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 372ஆம் பிரிவில் சேர்க்கப்பட்ட அந்தக் காப்புரை இப்போது புதிய சட்டத்தின் 413ஆம் பிரிவில் இருக்கிறது. விடுதலையை எதிர்க்கலாம், குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டித்ததை எதிர்க்கலாம், இழப்பீடு போதவில்லை என்று கேட்கலாம். இதற்கு உயர்நீதிமன்றத்தின் முன் அனுமதி தேவையில்லை என்று 2018இல் மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் தண்டனை போதவில்லை, கூட்டுங்கள் என்று பாதிக்கப்பட்டவர் இந்தக் காப்புரையின்கீழ்க் கேட்க முடியாது. 2020இல் பர்விந்தர் கன்சால் வழக்கில் அதுவும் முடிவானது. அதை அரசே கேட்க வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல் 'தண்டனை குறைவு, மேல்முறையீடு செய்வோம்' என்று தீர்ப்பு நாளன்று ஊடகத்தின் முன் அறிவிக்கும் நம் அமைப்புகள் பல உண்டு. அறிவிக்க வேண்டியது அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் வாசலில்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள 14அ பிரிவு, சிறப்பு நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து நேரே உயர்நீதிமன்றம் செல்ல வழி தருகிறது. தொண்ணூறு நாள் கெடு. தக்க காரணம் காட்டினால் தாமதத்தைப் பொறுக்கலாம், ஆனால் 180 நாளுக்குப் பின் முடியாது என்றது சட்டம். அந்தக் கடைசி வரம்பை அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 2018இல் செல்லாததாக்கியது. அதை நம்பிக் காலம் கடத்துவது அறிவுடைமை ஆகாது. மேல்முறையீட்டை இயன்றவரை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. மூன்று மாதம் என்ற சொல்லைப் படிக்கும்போது சிரிப்பு வருவது இயல்பு.

அந்த மூன்று மாதம் மூன்று ஆண்டாகவும் பத்து ஆண்டாகவும் நீளும் காலத்தில் ஊரில் என்ன நடக்கிறது என்பதே உண்மையான சிக்கல். தண்டிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்கிறார். அதோடு தண்டனையை நிறுத்திவைக்க மனு போடுகிறார். பழைய சட்டத்தின் 389ஆம் பிரிவு, புதியதில் 430. மேல்முறையீடு விரைவில் விசாரணைக்கு வராது என்பதே பிணைக்குக் காரணமாகிறது. அவர் ஊர் திரும்புகிறார். சாட்சி சொன்னவரின் தெரு வழியாகவே தினமும் போகிறார். மேளத்தோடு வரவேற்பு நடந்த ஊர்களும் உண்டு. சாட்சி சொன்ன குடும்பத்துக்கோ அவர் எப்படி வெளியே வந்தார் என்பதே தெரியாது. இங்கேதான் 15அ பிரிவு முக்கியமாகிறது. நீதிமன்ற நடவடிக்கை குறித்துப் பாதிக்கப்பட்டவருக்கு முன்னறிவிப்பு தரப்பட வேண்டும், பிணை, விடுதலை, பரோல், தண்டனை என எந்தக் கட்டத்திலும் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று அது விதிக்கிறது. ஹரிராம் பாம்பி வழக்கில் 2021 அக்டோபரில் உச்சநீதிமன்றம் இதைக் கட்டாயம் என்றது. அறிவிப்பு தராமல் வழங்கிய பிணையை ரத்தும் செய்தது. ஊரில் திடீரென ஒருவர் தென்பட்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: எங்களுக்கு அறிவிப்பு வந்ததா? வராவிட்டால் அதுவே மனுவுக்கான காரணம்.

மேல்முறையீட்டில் புதிய நாடகம் எதுவும் அரங்கேறுவதில்லை. விசாரணை நீதிமன்றத்தில் எழுதப்பட்ட பக்கங்களே மதுரைக்கோ சென்னைக்கோ போகின்றன. முதல் தகவல் அறிக்கை எத்தனை மணிக்குப் பதிவானது, நீதித்துறை நடுவரிடம் எப்போது சென்றது, சாட்சி முதல் வாக்குமூலத்தில் யார் பெயரைச் சொன்னார், எதை விட்டார் என்று ஒவ்வொரு வரியாக வழக்கறிஞர் பிரிப்பார். ராமநாதபுரத்தில் ஒரு காவல் ஆய்வாளர் சோம்பலால் விட்ட ஒரு தேதி, எட்டு ஆண்டு கழித்து மதுரையில் ஓர் ஆயுள் தண்டனையைக் கவிழ்க்கும். ஆகவே மேல்முறையீட்டுக்கான வேலை, சம்பவம் நடந்த இரவே தொடங்கிவிடுகிறது.

இந்தப் பொதுவிதிக்கு அரிதான விலக்கு கோகுல்ராஜ் வழக்கு. 2015இல் கொல்லப்பட்ட அந்த இளைஞரின் வழக்கில் 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஐவரை விடுவித்தது. தண்டிக்கப்பட்டவர்களும் மேல்முறையீடு செய்தனர், விடுதலையை எதிர்த்துக் கோகுல்ராஜின் தாயாரும் செய்தார். நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷ், என். ஆனந்த் வெங்கடேஷ் அமர்வு, பிறழ்சாட்சியான முக்கியச் சாட்சியை மேல்முறையீட்டு நிலையிலேயே மீண்டும் அழைத்து விசாரித்தது. திருச்செங்கோடு கோயிலுக்கும் நேரில் சென்று கண்காணிப்புக் காமிராக்கள் இருந்த இடங்களைப் பார்வையிட்டது. 2023 ஜூன் 2 அன்று யுவராஜ் உள்ளிட்டோரின் தண்டனையை உறுதி செய்தது. ஐவரின் விடுதலையும் நிலைத்தது. தாயாரின் மேல்முறையீடு அந்த அளவில் வெல்லவில்லை. ஆனால் அவருடைய வழக்கறிஞர் அந்த அறையில் இருக்க அது இடம் தந்தது.

2003இல் விருத்தாசலம் அருகே நஞ்சூட்டிக் கொல்லப்பட்ட கண்ணகி, முருகேசன் வழக்கில் இறுதிச் சொல் வர 2025 ஏப்ரல் 28 ஆயிற்று. இருபத்திரண்டு ஆண்டுகள். கொலையை மறைக்கப் பொய் ஆவணம் உருவாக்கிய காவல் அதிகாரிகளின் தண்டனையும் உச்சநீதிமன்றத்தில் நின்றது, இது அரிது. உடுமலை சங்கர் வழக்கோ எதிர்த் திசையில் போனது. 2017 டிசம்பரில் ஆறு பேருக்கு மரண தண்டனை. 2020 ஜூனில் உயர்நீதிமன்றத்தில் அவர்களில் ஐவருக்கு 25 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனையாக அது குறைக்கப்பட்டது, கௌசல்யாவின் தந்தை விடுவிக்கப்பட்டார். சதியை நிரூபிக்கும் சங்கிலி போதவில்லை என்றது நீதிமன்றம். மரண தண்டனை கிடைத்த நாளில் கொண்டாடியவர்கள் சதிக்கான சான்று எவ்வளவு உறுதியானது என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். என் கருத்தில், மரண தண்டனையைக் கேட்பதில் நாம் செலவிடும் ஆற்றல் பெரும்பாலும் வீண். உச்சகட்டத் தண்டனை மேல்நீதிமன்றத்தின் கூர்ந்த ஐயத்தை வரவழைக்கிறது, கீழே கவிழும் வாய்ப்பும் கூடுகிறது.

நடைமுறையில் மற்றொரு ஓட்டையும் உண்டு. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 4(5) விதிப்படி, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மாவட்ட ஆட்சியர் மூத்த வழக்கறிஞரை அரசுச் செலவில் நியமிக்கலாம். அவ்விதி பேசுவது சிறப்பு நீதிமன்றத்தைப் பற்றி. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றதும் அது கூடுதல் அரசு வழக்கறிஞரின் நூற்றுக்கணக்கான கோப்புகளில் ஒன்றாகிவிடுகிறது. விசாரணையில் ஆண்டுக்கணக்கில் உழைத்த வழக்கறிஞரின் அறிவு அந்தக் கோப்போடு செல்வதில்லை. விதியைத் திருத்தி, மேல்முறையீட்டிலும் அதே வழக்கறிஞர் தொடர வழிசெய்யுமாறு கேட்பது எளிய கோரிக்கை. பெரிய செலவும் அன்று.

இப்போது மறுபக்கம். தண்டிக்கப்பட்ட தலித், தண்டிக்கப்பட்ட மீனவர், தண்டிக்கப்பட்ட கூலி. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், காவலில் உள்ளோர் எவருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகலை இலவசமாகத் தருவதும், மேல்முறையீட்டுக்கு வழக்கறிஞர் தருவதும் அரசின் கடமை என்று 1978இலேயே ஹொஸ்கோட் வழக்கில் நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதிவிட்டார். சிறையிலிருந்தபடியே கண்காணிப்பாளர் வழியாக மேல்முறையீட்டு மனு அனுப்பலாம். மாவட்ட நீதிமன்றத்தின் தண்டனையை எதிர்த்து உயர்நீதிமன்றம் செல்ல 60 நாள், நடுவர் நீதிமன்றத் தண்டனையை எதிர்த்து அமர்வு நீதிமன்றம் செல்ல 30 நாள். மரண தண்டனைக்கும் 30 நாளே. நகல் கேட்டு வாங்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. 2004 ஜூலை 24இல் மதுரைக் கிளை திறக்கும்வரை ராமேஸ்வரத்துக்காரர் இதற்கு ஓர் இரவு ரயிலேறிச் சென்னை போக வேண்டியிருந்தது. இப்போது காலையில் கிளம்பி மாலையில் திரும்பலாம்.

உரிமை இருக்கிறது, அது இருப்பது யாருக்கும் தெரிவதில்லை. 2024 அக்டோபரில் சுஹாஸ் சக்மா வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு சிறிய, மிகப் பயனுள்ள யோசனையைச் சொன்னது. குற்றத்தீர்ப்பின் நகலோடு ஒரு முகப்புத்தாள் இணைக்கப்பட வேண்டும். மேல்நீதிமன்றம் செல்ல இலவச வழக்கறிஞர் உண்டு, இந்த எண்ணில் தொடர்புகொள் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். இத்தகைய நடைமுறை உத்தரவைப் பிறப்பிக்க உயர்நீதிமன்றங்கள் பரிசீலிக்கலாம் என்றது. ராமநாதபுரம், பரமக்குடி, முதுகுளத்தூர் நீதிமன்றங்களில் தீர்ப்பு பெறும் ஒருவருக்கு அந்தத் தாள் கிடைக்கிறதா என்று பார்ப்பது மாணவர் குழு ஒன்றின் ஒரு மாத வேலை. அதே தாளின் தமிழ் வடிவம் ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் நிற்கும் பாம்பன் மீனவரின் கையில், அவர் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று சொல்வதற்கு முன், இந்தியத் துணைத் தூதரகத்தின் வழியாகச் சேர்வதற்கும் பெரிய தடை இல்லை. ஒத்திவைக்கப்பட்ட தண்டனை என்றால் என்ன, ஐந்தாண்டு என்றால் என்ன, மறுத்து வழக்கு நடத்தினால் எவ்வளவு காலம், யார் வாதாடுவார் என்ற நான்கு வரிகள் போதும். அதைப் படித்த பிறகும் அவர் ஒப்புக்கொள்ளவே முடிவு செய்யலாம். குடும்பம், கடன், பள்ளிக் கட்டணம் எல்லாம் அவர் கண்முன் நிற்கும். அப்போதாவது அது அவருடைய முடிவாக இருக்கும்.

மொழியின் சிக்கல் மட்டும் எஞ்சுகிறது. விசாரணை நீதிமன்றத்தில் சாட்சி தமிழில் பேசுகிறார், தீர்ப்பும் பல நேரம் தமிழில் வருகிறது. மேல்முறையீடு ஆங்கிலத்தில் நடக்கிறது. உயர்நீதிமன்றத்தில் தமிழை அனுமதிக்கக் கோரி 2006இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியும் அது ஏற்கப்படவில்லை. தன் ஆயுள் தண்டனை ஏன் உறுதியானது என்பதைக் கைதியும், தன் மகனைக் கொன்றவர் ஏன் விடுவிக்கப்பட்டார் என்பதைத் தாயும் வேறொருவர் படித்துச் சொல்லித்தான் அறிகிறார்கள். படித்துச் சொல்பவர் எதை விட்டுவிட்டார் என்று கேட்க அவர்களுக்கு வழியில்லை.